மிஷின் என்றால் என்ன?

(ஆயக்குடியில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய மாலை வகுப்பில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



கூலியைப் பற்றிப் பேசாமல் ஒரு வார்த்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலருக்குத் தோன்றலாம். அந்த வார்த்தை 'மிஷின்'. இங்கிலீஷ் வார்த்தைதான். ஆனால் ஆயக்குடியில் அதைச் சொல்லாமல் ஒரு நாளும் கழிவதில்லை. எழுத்தறியாத பாட்டியும் சொல்கிறாள், நேற்றுப் பேசத் தொடங்கிய குழந்தையும் சொல்கிறது. இவ்வளவு தூரம் நம் வாயில் புழங்கும் வார்த்தையின் அர்த்தம் என்ன, அது எங்கிருந்து வந்தது, யார் எந்த அர்த்தத்தில் அதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பது நமக்கு அவசியம். ஏன் அவசியம் என்பது பேச்சின் முடிவில் விளங்கும். விபத்து நடந்து கை போனவனுக்கு நஷ்டஈடு உண்டா இல்லையா என்பது சில சமயங்களில் ஒரு வார்த்தையின் அர்த்தத்தில் நிற்கிறது.

முதலில் நம் ஊர் வழக்கத்தைப் பார்ப்போம். மிஷின் என்று வெறுமனே சொன்னால் வீட்டிலே அது தையல் மிஷின். வயலிலே நெல் அறுக்கும் மிஷின், கதிரடிக்கும் மிஷின். மில்லுக்குள்ளே ரிங் பிரேம் எல்லாம் மிஷின். கிணற்றடியில் இருப்பதை மட்டும் மிஷின் என்று சொல்ல மாட்டோம். அது 'மோட்டார்'. டீசலில் ஓடினால் 'எஞ்சின்'. மாவரைக்கும் இடம் 'மில்'. நூல் நூற்கும் இடமும் 'மில்'. மண் தோண்டுவது 'பொக்லைன்'. பழனி மலைமேல் இழுத்துக்கொண்டு போவது 'விஞ்ச்'. எல்லாமே மிஷின்தான், ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் நாமே ஒரு பேர் வைத்துப் பிரித்திருக்கிறோம். படிக்காதவர்கள் என்று நம்மைச் சொல்கிறவர்கள் இந்தப் பிரிவினையைக் கவனிக்க வேண்டும்.

வார்த்தை வந்த வழி

மிஷின் என்பது இங்கிலீஷ்காரனுக்கும் சொந்த வார்த்தை அல்ல. பிரெஞ்சு மொழியிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் அவன் அதை எடுத்துக்கொண்டான். பிரெஞ்சுக்காரன் லத்தீனிலிருந்து எடுத்தான். லத்தீன்காரன் கிரேக்கனிடமிருந்து வாங்கினான். கிரேக்க மொழியில் 'மெக்கானே' என்றால் உபாயம், தந்திரம், ஒரு காரியத்தைச் சாதிக்க மனிதன் கண்டுபிடித்த வழி என்று அர்த்தம். அதாவது முதலில் அது இரும்பைக் குறிக்கவில்லை, மூளையைக் குறித்தது. மெக்கானிக் என்ற வார்த்தையும் அதே வேரில் முளைத்ததுதான்.

பழைய கிரேக்க நாடகக் கொட்டகையில் ஒரு பாரந்தூக்கி இருந்தது. அதற்கும் மெக்கானே என்றுதான் பேர். கதையில் சிக்கல் அவிழாமல் போனால், தெய்வ வேஷம் போட்ட நடிகனை அதில் கட்டி மேலேயிருந்து இறக்குவார்கள். தெய்வம் வந்து எல்லாவற்றையும் தீர்த்து வைக்கும். ஜனங்கள் தெய்வத்தைப் பார்ப்பார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறைவில் நிற்கும் ஆட்களை யாரும் பார்க்க மாட்டார்கள். இந்தச் சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே வேரிலிருந்து இங்கிலீஷில் இன்னொரு வார்த்தை பிறந்தது. 'மாஷினேஷன்' என்பார்கள். அதற்குச் சதி, சூழ்ச்சி என்று அர்த்தம். தமிழிலும் இதே கதைதான். 'சூழ்ச்சி' என்பதற்குத் திருக்குறள் காலத்தில் ஆலோசனை என்றுதான் பொருள். இன்று அது சதி என்று ஆகிவிட்டது. யோசனை யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வார்த்தையின் அர்த்தமே மாறிவிடுகிறது.

தமிழில் மிஷினுக்கு என்ன பேர்? 'பொறி' என்பது ஒன்று. எலிப்பொறியும் பொறிதான், கண் காது முதலிய ஐம்பொறியும் பொறிதான், தீப்பொறியும் பொறிதான். பொறியாளர் என்ற பேர் இதிலிருந்து வந்தது. 'எந்திரம்' என்பது இன்னொன்று. சங்க நூலான ஐங்குறுநூற்றில் கரும்பு பிழியும் எந்திரம் வருகிறது. அதன் ஓசையை யானையின் பிளிறலோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். ஆக, மிஷின் வெள்ளைக்காரனோடு கப்பலில் வந்து இறங்கியது என்று எண்ணக் கூடாது. மதுரைக் கோட்டை மதிலில் எதிரியைத் தாக்க வைத்திருந்த பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசையாகச் சொல்கிறது. திரிகைக்கல்லை 'ஏந்திரம்' என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு.

'யந்திரம்' என்பதன் வடமொழி வேருக்குக் கட்டுப்படுத்துவது, பிடித்து நிறுத்துவது என்று பொருள். அதனால்தான் கோயிலில் சிலைக்கு அடியில் வைக்கும் செப்புத் தகட்டையும் யந்திரம் என்கிறார்கள். நம் பத்திரிகைகளில் 'அரசு யந்திரம்' என்று எழுதுகிறோமே, அதுவும் வேருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1919-ல் மாணவர்களுக்கு முன் அரசு என்றால் என்ன என்று விளக்கிப் பேசிய லெனின், ஒரு வர்க்கம் இன்னொரு வர்க்கத்தை அடக்கி வைக்கும் யந்திரம் என்றே அதைச் சொன்னார்.

அண்ணன் தம்பி வார்த்தைகள்

மிஷினுக்கு உறவுக்காரர்கள் பலர்.

'எஞ்சின்' என்பது லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது. அந்த வார்த்தைக்குப் பிறவியிலேயே உள்ள புத்திக் கூர்மை என்று பொருள். புத்தியால் செய்தது எஞ்சின். அதைச் செய்கிறவன் என்ஜினீயர். முதலில் என்ஜினீயர் என்றால் கோட்டைச் சுவரை இடிக்கும் போர்ப் பொறிகளைச் செய்கிறவன். எஞ்சின் என்ற வார்த்தை தேய்ந்து 'ஜின்' ஆயிற்று. பருத்திக் கொட்டை நீக்கும் ஜின்னிங் பாக்டரி என்கிறோமே, அந்த ஜின் இதுதான்.

'மோட்டார்' என்றால் அசைப்பவன், நகர்த்துபவன். இங்கிலீஷ்காரனுக்கு மோட்டார் என்றதும் கார் ஞாபகம் வரும். நமக்குக் கிணறு ஞாபகம் வரும். காரணம் உண்டு. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின் திட்டம் வந்தது. கோவைச் சீமையில் மில்கள் பெருகின, கிணறுகளில் மின்சார மோட்டார் ஏறிற்று. கறாராகச் சொன்னால் மோட்டார் வேறு, பம்ப் வேறு. சுழல்வது மோட்டார், தண்ணீரைத் தூக்குவது பம்ப். காயில் எரிந்து போனால் எரிந்தது மோட்டார். தண்ணீர் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு பம்பில். இரண்டுக்கும் சேர்த்து நாம் மோட்டார் என்கிறோம்.

'மில்' வார்த்தையின் கதை ருசிகரமானது. அதன் வேருக்கு அரைத்தல் என்று பொருள். முதலில் மாவரைக்கும் இடம்தான் மில். ஆற்றுத் தண்ணீர் சக்கரத்தைத் தள்ள, சக்கரம் கல்லைச் சுற்றியது. 1771-ல் இங்கிலாந்தில் குரோம்போர்டு என்ற ஊரில் ஆர்க்ரைட் என்பவர் தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் நூற்பாலையைத் தொடங்கினார். அரைக்கும் சக்கரம் நூற்கும் சக்கரமாயிற்று, பேர் மட்டும் மில் என்றே நின்றுவிட்டது. அங்கே தானியமும் இல்லை, மாவும் இல்லை. தமிழிலும் அப்படியே. 'ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்கிறோம். அந்தப் பழமொழியில் ஆலை என்பது கரும்பு ஆலை. பிழியும் இடத்தின் பேர் நூற்கும் இடத்துக்கு வந்தது. ஆலைத் தொழிலாளி என்று நம்மைச் சொல்கிறார்கள். கரும்பைப் பிழிந்த இடத்தின் பேரை ஆளைப் பிழியும் இடத்துக்கு வைத்தது பொருத்தமா இல்லையா என்று இரவு ஷிப்டு முடித்து வந்த தோழர்கள் சொல்லட்டும்.

'ரோபோ' என்ற வார்த்தையும் இப்போது மில்லுக்குள் கேட்கிறது. 1920-ல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் எழுதிய நாடகத்தில் அது முதலில் வந்தது. செக் மொழியில் 'ரொபோட்டா' என்றால் பண்ணையடிமை தன் பிரபுவின் நிலத்தில் கூலி இல்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. நம் பக்கத்தில் அமஞ்சி, வெட்டி வேலை என்று சொன்னார்களே, அதேதான். அந்த நாட்டுக் குடியானவர்கள் 1848-ல்தான் அதிலிருந்து சட்டப்படி விடுபட்டார்கள். சம்பளம் கேட்காத, வாய் திறக்காத வேலையாள் வேண்டும் என்ற எஜமானனின் பழைய ஆசை அந்த வார்த்தைக்குள்ளே ஒளிந்திருக்கிறது.

கடைசியாகப் 'பொக்லைன்'. இது பிரெஞ்சுக் கம்பெனி ஒன்றின் பேர். 'ஜேசிபி' என்பது 1945-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்போர்டு என்ற மனிதரின் முதலெழுத்துகள். மிஷினுக்கு முதலாளியின் பேர் நிலைத்துவிடுகிறது. அதை வார்த்து, கடைந்து, பூட்டியவனின் பேர் எந்த மொழியிலும் நிலைப்பதில்லை.

மிஷினின் மூன்று பாகம்

சரி, வார்த்தை போகட்டும். பொருள் என்ன? எதை மிஷின் என்று சொல்லலாம்?

1867-ல் வெளிவந்த 'மூலதனம்' நூலில் காரல் மார்க்ஸ் இதற்குத் தெளிவான விடை கொடுத்திருக்கிறார். வளர்ச்சியடைந்த மிஷின் எதை எடுத்தாலும் மூன்று பாகம் உண்டு என்கிறார். ஒன்று, அசைவைக் கொடுக்கும் பாகம். இரண்டு, அந்த அசைவைக் கொண்டு சேர்க்கும் பாகம். மூன்று, கடைசியில் பொருளைத் தொட்டு வேலை செய்யும் பாகம்.

இதைப் புரிந்துகொள்ள ஜெர்மனிக்குப் போக வேண்டாம். கவலை இறைத்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மதுரைப் பக்கத்தில் அதைக் கமலை என்பார்கள். சரிவில் இறங்கும் மாடு அசைவைக் கொடுக்கிறது. வடக்கயிறும் உருளையும் அதைக் கொண்டு சேர்க்கின்றன. சால் தண்ணீரை அள்ளுகிறது. மூன்றும் வந்துவிட்டதா?

பழனி விஞ்சைப் பாருங்கள். இங்கிலீஷில் விஞ்ச் என்றால் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை மட்டும்தான். நாம் ஆள் ஏறும் பெட்டியையே விஞ்ச் என்கிறோம். மோட்டார் சுழல்கிறது, இரும்புக் கயிறு இழுக்கிறது, பெட்டி ஜனங்களைத் தூக்கிப் போகிறது. 2004-ல் வந்த ரோப் காரும் அப்படியே.

நூல் மில்லிலும் இதே மூன்று. பழைய மில்லில் ஒரே பெரிய எஞ்சின் இருக்கும். கூரையோரம் நீளமான ஷாப்ட் ஓடும். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு மிஷினையும் சுற்றும். இன்றைக்கு ஒவ்வொரு மிஷினுக்கும் தனித்தனி மோட்டார். ஆனாலும் மோட்டார், பெல்ட்டும் பல்சக்கரமும், கதிர் என்ற மூன்றும் இருக்கத்தான் செய்கின்றன.

இதில் மார்க்ஸ் அழுத்திச் சொன்னது மூன்றாவது பாகத்தைத்தான். மாட்டுக்குப் பதில் நீராவி வந்ததால் மட்டும் உலகம் புரளவில்லை. தொழிலாளி கையில் பிடித்திருந்த கருவி அவன் கையை விட்டு மிஷினுக்குள் போயிற்று. அங்கேதான் புரண்டது. ராட்டினத்தில் ஒருவர் ஒரு கதிரில் நூற்றார். மிஷின் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கதிர்களில் நூற்கிறது. கருவி தொழிலாளிக்குச் சேவகம் செய்தது போய், தொழிலாளி மிஷினுக்குச் சேவகம் செய்யும் நிலை வந்தது. அறுந்த நூலை முடிந்துகொண்டு பக்கத்துக்குப் பக்கம் ஓடும் சைடர் தோழிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓர் இரவில் எத்தனை மைல் நடக்கிறோம் என்பது அவள் காலுக்குத் தெரியும்.

மிஷின் வேலையைத் தின்றதா?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 'மிஷின் வந்து வேலையைத் தின்றுவிட்டது' என்று வயலில் சொல்கிறோம். 'ஆட்டோகோனர் வந்து வைண்டிங் பெண்களை வெளியே அனுப்பிவிட்டது' என்று மில்லில் சொல்கிறோம். 'மிஷின் கையை எடுத்துவிட்டது' என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறோம். இந்த வாக்கியங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் செய்தவன் யார்? மிஷின். மிஷினை வாங்கியவன், ஓட்டச் சொன்னவன், ஆட்களைக் கணக்குத் தீர்த்தவன் வாக்கியத்திலேயே இல்லை. கிரேக்க நாடகத்தில் கயிறு பிடித்த ஆட்கள் மறைந்து நின்றதைப் போலவே இங்கே எஜமானன் மறைந்து நிற்கிறான்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். இரண்டு உருளைக்கு நடுவே பருத்தியைச் செலுத்தி விதையைப் பிரிக்கும் கைப்பொறி நம் நாட்டில் வெகு காலமாக உண்டு. வடக்கே அதைச் சர்க்கி என்பார்கள். அமெரிக்காவின் உள்நாட்டுப் பருத்தியில் விதை பஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எளிதில் பிரியாது. ஒரு ஆள் நாள் முழுவதும் உட்கார்ந்தாலும் ஒரு பவுண்டு பஞ்சு சுத்தம் செய்வதே பெரும்பாடு என்பார்கள். 1793-ல் எலி விட்னி என்பவர் ஜின் மிஷினைச் செய்தார். கையால் சுற்றும் ஜின்னிலேயே ஒரு நாளைக்கு 50 பவுண்டு என்று கணக்குச் சொன்னார்கள். வேலை சுலபமாயிற்று. அப்படியானால் அந்த வேலையைச் செய்த நீக்ரோ அடிமைகளுக்கு ஓய்வு கிடைத்திருக்க வேண்டும் அல்லவா?

நடந்தது என்ன? கொட்டை நீக்குவது சுலபமானதும், பருத்தி பயிரிடுவதில் கொள்ளை லாபம் என்று பண்ணைக்காரர்கள் கண்டார்கள். காட்டை வெட்டிப் பருத்தி போட்டார்கள். பயிரிட, களையெடுக்க, பறிக்க ஆள் வேண்டும். 1790-ல் அந்த நாட்டில் சுமார் 7 லட்சம் அடிமைகள். 1860-ல் சுமார் 40 லட்சம். வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது 1808-லேயே தடுக்கப்பட்டது. அதற்குப் பிறகும் இவ்வளவு பெருக்கம். வேலையைச் சுலபமாக்கிய மிஷின் அடிமைச் சங்கிலியை நீளமாக்கிற்று. தவறு ஜின்னுடைய பல்லில் இல்லை. நிலமும் ஆளும் யாருக்குச் சொந்தம் என்பதில் இருந்தது.

அப்படியானால் மிஷினை உடைத்துவிடலாமா? உடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1811-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பக்கத்தில் காலுறை நெய்யும் தொழிலாளர்கள் இரவில் கூட்டமாகப் போய்த் தறிகளை உடைத்தார்கள். லட்டைட்டுகள் என்று அவர்களுக்குப் பேர். மிஷினைக் கண்டு பயந்த மூடர்கள் என்று இன்றைக்கும் அவர்களைக் கேலி செய்கிறார்கள். அது உண்மை அல்ல. கூலியைக் குறைத்த, மட்டச் சரக்கு நெய்த முதலாளிகளின் தறிகளைத் தேடி உடைத்தார்கள். ஒழுங்காகக் கூலி கொடுத்தவனின் தறியைத் தொடாமல் விட்டதும் உண்டு. எது மிஷின், எது முதலாளி என்று அவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்தே இருந்தது. சர்க்கார் என்ன செய்தது? 1812-ல் மிஷினை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் போட்டது. 1813 ஜனவரியில் யார்க் நகரில் 17 பேரைத் தூக்கில் போட்டார்கள். இரும்புக்கு இருந்த மதிப்பு மனித உயிருக்கு இல்லை.

மிஷின் வேறு, அதை முதலாளி உபயோகிக்கும் விதம் வேறு என்று தொழிலாளி பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்று மார்க்ஸ் எழுதினார்.

காந்தியடிகள் மிஷினுக்கு எதிரி என்று ஒரு பேச்சு உண்டு. 1924-ல் சாந்திநிகேதன் மாணவர் ஜி. ராமச்சந்திரன் இதை அவரிடமே கேட்டார். பிற்காலத்தில் நம் திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை 1947-ல் சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து நிறுவியவர் அவர்தான். மிஷினை அல்ல, மிஷின் மேல் கொண்ட பித்தைத்தான் எதிர்ப்பதாகக் காந்தி சொன்னார். தையல் மிஷினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். தையல் மிஷினைச் செய்யவும் பெரிய பாக்டரி வேண்டுமே என்று ராமச்சந்திரன் மடக்கினார். அத்தகைய பாக்டரிகள் தேசத்தின் உடைமையாகவோ சர்க்கார் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்குத் தாம் சோஷலிஸ்டுதான் என்று காந்தி பதில் சொன்னார். அவருக்கும் நமக்கும் பல விஷயங்களில் வழி வேறு. ஆனாலும் கேள்வி கடைசியில் எங்கே வந்து நின்றது பார்த்தீர்களா? மிஷின் வேண்டுமா வேண்டாமா என்பதில் நிற்கவில்லை, யாருடையது என்பதில் நின்றது.

இன்னொரு வழக்கையும் விட வேண்டும். 'மிஷின் மாதிரி உழைக்கிறான்' என்று ஒருவனைப் புகழ்கிறோம். மிஷினுக்கு எண்ணெய் போடுகிறார்கள். சூடேறினால் நிறுத்துகிறார்கள். பழனி ரோப் காரை ஆண்டுதோறும் பராமரிப்புக்காக நிறுத்தி, கயிற்றைச் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, பாரம் ஏற்றிப் பார்த்த பிறகுதான் ஓட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடு, அப்படித்தான் செய்ய வேண்டும். தொடர்ந்து ஷிப்டு பார்க்கும் மில் பெண்ணின் இடுப்பையும் காலையும் யார் சோதிக்கிறார்கள்? பஞ்சுத்தூசி அடைத்த நெஞ்சை யார் நிறுத்திப் பார்க்கிறார்கள்? அவளை மிஷின் மாதிரி நடத்தினால்கூடத் தேவலை என்று சொல்லும் நிலைமை பல இடங்களில் இருக்கிறது.

சட்டத்தில் மிஷின்

இப்போது காகிதத்துக்கு வருவோம்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 'மிஷினரி' என்ற வார்த்தைக்கு விளக்கம் எழுதியிருந்தார்கள். அதைப் படித்தால் மார்க்ஸ் சொன்ன பாகங்கள் அப்படியே வரிசையில் நிற்கும். எஞ்சின், மோட்டார் முதலிய சக்தி கொடுக்கும் சாதனம் 'பிரைம் மூவர்', அதாவது முதல் இயக்கி. ஷாப்ட், சக்கரம், பெல்ட் முதலியவை 'டிரான்ஸ்மிஷன் மிஷினரி', அதாவது கடத்தும் சாதனம். சக்தியை உபயோகிக்கும் மற்றச் சாதனங்களும் சேர்ந்தால் மிஷினரி. ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான மறைப்பு போட வேண்டும், மிஷின் ஓடும்போது அது கழலாமல் இருக்க வேண்டும் என்றது 21-ஆவது பிரிவு. ஓடும் மிஷினைத் தொட்டுச் சோதிக்கவோ எண்ணெய் விடவோ தேவைப்பட்டால், அதற்கென்று பயிற்சி பெற்று, பதிவேட்டில் பேர் எழுதப்பட்ட ஆள்தான் செய்ய வேண்டும், அவருக்கு உடம்போடு ஒட்டிய உடையை நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்றது 22-ஆவது பிரிவு.

அதே சட்டம் 'பவர்' என்ற வார்த்தைக்கும் அர்த்தம் சொன்னது. மின்சாரம், அல்லது மனிதனாலும் மிருகத்தாலும் உண்டாகாத வேறு சக்தி. ஆகவே மாடு பூட்டிய கவலை மார்க்சின் கணக்கில் மிஷின், சட்டத்தின் கணக்கில் பவர் இல்லாதது. வார்த்தைக்கு இடத்துக்கு இடம் அர்த்தம் மாறும் என்பதற்கு இது ஓர் உதாரணம். இதனால் நமக்கு என்ன என்றால், பவர் உள்ள இடத்தில் 10 பேர், பவர் இல்லாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால் அது தொழிற்சாலை என்றது 1948 சட்டம். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு இதை 20 என்றும் 40 என்றும் உயர்த்திவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்பு அமலுக்கு வந்ததாக மத்திய சர்க்கார் அறிவித்தது. பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையை நினைத்துப் பாருங்கள். மிஷின் அதேதான், பெல்ட் அதேதான், விரலும் அதேதான். தொழிற்சாலை என்ற வார்த்தை மட்டும் அந்தப் பட்டறையை விட்டு விலகிவிட்டது.

விவசாயத் தொழிலாளர்களுக்கும் இதில் சங்கதி உண்டு. 1923-ஆம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணையில் விவசாய வேலையும் வந்தது. எப்படிப்பட்ட விவசாய வேலை? டிராக்டராலோ, நீராவி, மின்சாரம் முதலிய சக்தியால் ஓடும் வேறு சாதனத்தாலோ செய்யும் வேலை. மிஷின் சம்பந்தப்பட்டதா என்ற ஒரு கேள்வியில் ஒரு குடும்பத்தின் கஞ்சி நின்றது. கதிரடிக்கும் மிஷின் வட மாநிலங்களில் ஏராளமான கைகளை விழுங்கிய பிறகு, 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று தனியாகவே ஒன்று கொண்டுவந்தார்கள். அதில் பேர் சொல்லிக் குறித்தது கதிரடிக்கும் மிஷினைத்தான்.

நூறு நாள் வேலைக்கு வழி செய்த 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காண்டிராக்டர் கூடாது, 'கூடிய வரையில்' ஆட்களைக் கொண்டே வேலை நடக்க வேண்டும், ஆட்களின் வேலையைப் பறிக்கும் மிஷின் கூடாது என்று அதன் அட்டவணை சொன்னது. 'கூடிய வரையில்' என்ற அந்த இரண்டு வார்த்தைச் சந்தில் எத்தனை பொக்லைன் நுழைந்தது என்று இந்தக் கூட்டத்தில் உள்ள தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வேறு சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. புதிய சட்டத்தின் ஒவ்வொரு வார்த்தையையும் இதே போல் எடுத்து வைத்துப் படிப்பது நம் அடுத்த வகுப்பின் வேலை.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, பேச்சைச் சுருக்கமாக முடிக்கிறோம்.

விபத்து நடந்தால் 'மிஷினில் கை மாட்டிக்கொண்டது' என்று மட்டும் எழுதக் கொடுக்காதீர்கள். அது யாருக்கும் உதவாது. எந்த மிஷின், அதில் எந்தப் பாகம், மோட்டாரா, பெல்ட்டா, வேலை செய்யும் உருளையா, அந்த இடத்தில் மறைப்பு இருந்ததா, கழற்றியிருந்தால் யார் கழற்றச் சொன்னது, அப்போது மிஷின் ஓடிக்கொண்டிருந்ததா, ஓடும்போது துடைக்கச் சொன்னது யார் என்று எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் கூட இருக்கும் தோழரைக் கொண்டு எழுதச் செய்து, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்தோ ரேகையோ வையுங்கள். 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று இங்கிலீஷில் ஒரு வரி கீழே ஒளிந்திருக்கும். அதைத் தேடுங்கள்.

புது மிஷின் வந்தால் அதைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. அது எத்தனை பேர் வேலையைச் செய்கிறது, மிச்சமாகும் நேரம் யாருக்குப் போகிறது, மிச்சமாகும் பணம் யாருக்குப் போகிறது என்று கணக்குக் கேட்க வேண்டும். பத்துப் பேர் எட்டு மணி நேரம் செய்ததை மிஷினோடு ஐந்து பேர் செய்ய முடியும் என்றால், அதே பத்துப் பேர் நாலு மணி நேரம் செய்யவும் முடியும். இரண்டும் கணக்குத்தான். முதல் கணக்கை முதலாளி போடுகிறான். இரண்டாவது கணக்கைப் போட வேண்டியவர்கள் நாம். அதைச் சங்கம் இல்லாமல் தனியாளாகப் போட முடியாது.

ஆயக்குடிக் கொய்யாவைப் பறிக்க இன்னும் மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது. எந்தக் காய் எந்தப் பதம் என்று விரல் சொல்கிறது. நாளை அதற்கும் ஒரு மிஷின் வரலாம். வரட்டும். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிவது குறைந்தால் நல்லதே. வரும்போது அது யாருடையது, யாருக்காக ஓடுகிறது, பறித்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்களாக நாம் இருக்க வேண்டும். மெக்கானே என்ற அந்தப் பழைய வார்த்தைக்கு உபாயம் என்று அர்த்தம் சொன்னோம். அந்த உபாயத்தைக் கண்டுபிடித்தது மனித உழைப்பும் மனித மூளையும். ஆகவே அதன் பலனில் நமக்கும் பாத்தியதை உண்டு.

அடுத்த வாரம் இதே இடத்தில் கூடுவோம். வரும்போது மில்லிலோ வயலிலோ உங்களுக்குக் கொடுத்த காகிதம் ஏதாவது இருந்தால் கொண்டு வாருங்கள். கூலிச் சீட்டோ, நோட்டீஸோ, எதுவானாலும் சரி. வார்த்தை வார்த்தையாகப் படிப்போம்.